நெடுந்தீவின் கல்வேலிகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில் நெடுந்தீவிலிருந்து எனக்கொரு தொலைபேசி அழைப்பு வந்தது. தாய்வழியில் எங்களுக்கு உரித்தான சிறு காணித்துண்டொன்றைப் பார்த்துவரும் உறவினர் பேசினார். "அண்ணை, தெற்கு வேலிக் கல்லு கொஞ்சம் சரிஞ்சு கிடக்கு. அத்திவாரத்துக்குப் போட ரெண்டு ரக்ரர் பெட்டி கேக்கினம். குடுக்கட்டோ?" என்று கேட்டார். வேறொரு கட்டுரையை முடிக்கும் அவசரத்தில் இருந்த நான், "சரிஞ்ச கல்லுத்தானே, குடு தம்பி" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மீண்டும் கையில் எடுத்தேன்.

அந்த அரை நிமிட உரையாடல் என்னை இன்றும் உறுத்திக்கொண்டிருக்கிறது. மரபுரிமையைப் பேணவேண்டும் என்று பத்திரிகைகளில் எத்தனையோ ஆசிரியத் தலையங்கங்களை எழுதியவன் நான். என் தாயின் முன்னோர் கைபட்டு அடுக்கிய வேலியை இரண்டு பெட்டிக் கல்லாகத் தூக்கிக் கொடுத்தவனும் நானே. இந்தக் கட்டுரையை அந்த ஒப்புதலோடு தொடங்குவதே நேர்மை.

தீவகத்தை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது கூற வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியே சென்றால் குறிகாட்டுவான் இறங்குதுறை வரும். நயினாதீவுக்கு அங்கிருந்து சிறிது நேரப் படகுப் பயணம். நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் செல்லவேண்டும். ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அத்தீவில் இன்று நாலாயிரம் பேரளவில் வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டிய ஒல்லாந்தர் ஊர்காவற்றுறை அமைந்த தீவை லெய்டன் என்றும் நயினாதீவை ஹார்லெம் என்றும் அழைத்தனர். அவை ஏட்டோடு மறைந்தன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்திருக்கிறது.

படகை விட்டிறங்கி ஊருக்குள் நடப்பவர் கண்ணில் முதலில் படுவது கல். ஒழுங்கைகளின் இருமருங்கிலும், தோட்டங்களைச் சுற்றியும், வீட்டு வளவுகளுக்கு நடுவிலும், சாம்பல் நிறமான முருகைக்கற்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய வேலிகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை செல்கின்றன. அவற்றில் சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, சீமெந்து இல்லை. கல்லைக் கல் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

நான் முதன்முதலாகப் பத்திரிகையாளனாக அங்கு சென்றது 1970களின் பிற்பகுதியில். கட்டைக் குதிரைகளைப் பற்றி எழுதும்படி ஆசிரியர் அனுப்பியிருந்தார். அன்று அம்மான் வேலியில் சரிந்த ஒரு பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தார். கழுத்தில் கமராவோடு குதிரைகளைத் தேடிப் புறப்பட்ட என்னைப் பார்த்து, "குதிரையைப் படம் எடுக்கிறாய் தம்பி. அது தோட்டத்துக்குள்ள இறங்காமல் மறிக்கிறது இந்தக் கல்லு. இதையும் ஒண்டு எடன்" என்றார். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அவர் அதே இடத்தில் நின்றார். அவருக்குக் கைகொடுக்கலாம் என்று ஒரு கல்லை எடுத்து வைத்தேன். அது உருண்டு விழுந்தது. "அந்தக் கல்லுக்கு அது இடமில்லை. வேற கல்லு எடு" என்றார். நான்காவது கல்தான் அசையாமல் இருந்தது.

என் கட்டுரை வெளிவந்தது. குதிரையின் படம் மூன்று பத்தி அகலத்தில் இருந்தது. வேலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதன் பின்னரும் நெடுந்தீவைப் பற்றிப் பலமுறை எழுதினேன். ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம், கடற்பயணத்தின் இன்னல்கள், 1985ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் பயணிகள் கொல்லப்பட்ட கொடுமை என எழுதுவதற்கு எப்பொழுதும் ஒன்று இருந்தது. அவ்விடங்களுக்கெல்லாம் நான் நடந்து சென்ற வழி இரு கல்வேலிகளுக்கு இடைப்பட்ட ஒழுங்கைதான். அதை எழுதவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

இவ்வேலிகள் ஏன் தோன்றின என்பதற்கு விடை நிலத்திலேயே இருக்கிறது. நெடுந்தீவு சுண்ணக்கற் பாறைமீது மெல்லிய மண்போர்வை போர்த்திய தீவு. மண்வெட்டியை ஓங்கினால் கல்லில் படும். பயிர் செய்ய வேண்டுமாயின் முதலில் கல்லைப் பொறுக்கி நிலத்தை வெறுமையாக்க வேண்டும். பொறுக்கிய கல்லை எங்காவது போடவேண்டும். காணியின் எல்லையில் போட்டால் இடமும் வீணாகாது, வேலியும் ஆகும். ஆடு, மாடு, குதிரை ஆகியவற்றிலிருந்து பயிரைக் காக்கும் வேலி வயலைத் துப்புரவாக்கிய உழைப்பிலிருந்தே பிறந்தது. அங்குள்ள ஒவ்வொரு முழ வேலிக்குப் பின்னாலும் அதேயளவு துப்புரவான நிலம் இருக்கிறது.

முருகைக்கல்லின் இயல்பும் இதற்கு உதவியது. உயிருள்ள முருகைப் பூச்சிகள் கடலடியில் கட்டிய கூடுகளே காலப்போக்கில் கல்லாகின்றன. அதன் மேற்பரப்பு முழுவதும் துளைகளும் மேடுபள்ளங்களும். வழுவழுப்பான கருங்கல்லை இப்படி அடுக்கிவிட முடியாது. முருகைக்கல்லோ பக்கத்துக் கல்லைக் கவ்விக்கொள்ளும். பெரிய கற்கள் அடியிலும் சிறியவை மேலுமாக அடுக்கி, இடைவெளிகளில் சில்லுக்கற்களைச் செருகிவிடுவார்கள். கற்களுக்கிடையே உள்ள துவாரங்கள் குறையல்ல. மறைப்பதற்கு மரச்செறிவு குறைந்த அத்தீவில் சோளகக் காற்று வீசத் தொடங்கினால் நிற்பவரையே தள்ளும். சாந்து பூசிய மதில் அக்காற்றை முழு நெஞ்சால் தாங்கவேண்டும். கல்வேலி காற்றின் ஒரு பகுதியைத் தன்னூடே செல்ல விட்டு அதன் வேகத்தைத் தணிக்கிறது. மாரியில் வெள்ளமும் அதன் அடியால் வடிந்துவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு வேலி என்பது வெறும் மறைப்பன்று. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டு, பனையோலையால் அடைக்கும் வேலியில் ஆண்டுதோறும் ஒரு கதியால் ஓரங்குலம் நகரும். அந்த ஓரங்குலத்துக்காக நீதிமன்றப் படியேறிப் பரம்பரைச் சொத்தை இழந்தவர்களின் கதைகள் நம் ஊர்களில் ஏராளம். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தேசவழமை தொகுக்கப்பட்டபோது காணி, தோட்டம் ஆகியவற்றின் அனுபவ உரிமைக்குத் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டதில் வியப்பில்லை. நெடுந்தீவின் கல்வேலியை இரவோடிரவாக நகர்த்திவிட முடியாது. உறுதிப்பத்திரங்கள் போரில் எரிந்தும் தொலைந்தும் போன குடும்பங்களுக்கு, "இதுவரை எங்களுடையது" என்று காட்ட எஞ்சிய சாட்சி பல இடங்களில் அந்தக் கல்வரிசையே. அதை அகற்றும்போது மறைவது பழைமை மட்டுமன்று, எல்லையும் மறைகிறது.

இவ்வேலிகளின் வயது என்ன என்று கேட்பது இயல்பு. போர்த்துக்கேயர் காலத்தில் குதிரைகள் இங்கு கொண்டுவரப்பட்டதாகவும், ஒல்லாந்தர் அவற்றைப் பெருக்கியதாகவும், பிரித்தானியர் காலத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெப்டினன்ட் நோலன் என்பவர் அப்பணியை மேற்பார்வை செய்ததாகவும் வரலாறு கூறும். குதிரை லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் வேலிக்கு அப்படி ஓர் ஆண்டைக் குறிக்க இயலாது. பாட்டன் அடுக்கியதைத் தகப்பன் சரிசெய்வான். தகப்பன் சரிசெய்ததை மகன் உயர்த்துவான். அடியிலுள்ள கல் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வைக்கப்பட்டதாக இருக்கலாம். மேலிருக்கும் கல் போன மாரிக்குப் பின் வைக்கப்பட்டதாக இருக்கலாம். இரண்டும் ஒரே வேலி.

சட்டத்தின் கண்ணுக்கு இது தென்படாமற் போவதற்கும் இதுவே காரணம். இலங்கையின் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், ஒரு கட்டுமானம் தொன்மையானதா என்பதைத் தீர்மானிக்க 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லைக்கோடாக வைத்தது. கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் ஒப்படைக்கப்பட்ட நாள் அது. அதற்குப் பிற்பட்டதாயினும் நூறாண்டு கடந்த கட்டடத்தை வர்த்தமானி அறிவித்தல் மூலம் பாதுகாக்க வழியுண்டு. எவ்வாறாயினும் சட்டம் கேட்பது ஒரு திகதியை. கோட்டைக்கு அதைச் சொல்லலாம். ஆண்டுதோறும் கைமாறிக் கைமாறி அடுக்கப்படும் வேலிக்கு எந்தத் திகதியைச் சொல்வது?

கடலுக்கு அப்பால் நயினாதீவில், நாகபூசணி அம்மன் கோவிலில், 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறித்த தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பளிக்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நாலிலொன்று அரச பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவருக்கும், வணிகப் பொருள் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் பாதிக்குப் பாதி என்றும் அது கூறுகிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை 1963இல் பதிப்பித்தார். எழுத்துள்ள அந்தக் கல்லைப் படிக்க ஒரு பேரறிஞர் வாய்த்தார். நமது வரலாறு செழித்தது. வேலிக் கல்லில் எழுத்தில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அதை அடுக்கியவர்கள் மட்டுமே. அவர்களை யாரும் பேட்டி காணவில்லை. பேட்டி காண்பதையே தொழிலாகக் கொண்ட நானும் காணவில்லை.

மற்றவற்றின் நிலை ஓரளவு மாறியிருக்கிறது. யாழ்ப்பாணக் கோட்டையின் சிதைந்த மதில்களைப் புனரமைக்கும் பணி நெதர்லாந்து அரசின் உதவியோடு போருக்குப் பின் தொடங்கியது. நெடுந்தீவுக் குதிரைகள் திரியும் பகுதி 2015இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. குதிரைக்குச் சட்டம் கிடைத்தது. கோட்டைக்குப் பணம் கிடைத்தது. இரண்டுமே வரவேற்கத்தக்கவை. ஆனால் குதிரையையும் மனிதனையும் ஒரே தீவில் சேர்ந்து வாழவைத்த வேலி இரண்டுக்கும் வெளியே நிற்கிறது.

எப்படி அழிகிறது என்பதைச் சொல்லவேண்டும். அதை இடித்துத் தள்ளும் பகைவன் ஒருவனும் இல்லை. 1990களில் தீவகத்திலிருந்து பெருந்தொகையான மக்கள் இடம்பெயர்ந்தனர். காணிக்காரர் கொழும்பிலும் கனடாவிலும் பிரான்சிலும் வாழ்கின்றனர். ஆளில்லாத காணியில் வேர் கல்லைப் பிரிக்கிறது. மாடு ஏறி ஒரு கல்லைத் தட்டுகிறது. விழுந்த கல்லை அன்றே எடுத்து வைத்தால் வேலை ஒரு நிமிடம். வைக்க ஆளில்லை. ஓராண்டில் அந்த இடம் ஒரு கடப்பாகிறது, ஐந்தாண்டில் குவியலாகிறது. குவியலாகிவிட்ட கல் வீதிக்கும் அத்திவாரத்துக்கும் போகிறது. காணிக்காரன் ஊர் திரும்பும்போது முள்ளுக்கம்பியோ சீமெந்துக்கல் மதிலோ எழுகிறது. அவனும் தவறு செய்வதாக எண்ணுவதில்லை. காணியைத் திருத்தியதாகவே மகிழ்கிறான்.

எடுத்த கல்லுக்கு ஈடாகக் கடலிலிருந்து புதுக்கல் எடுக்கவும் இனி முடியாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்துள்ளன. அது மிக நல்ல சட்டம். உயிருள்ள முருகைப்பார்களே கரையைக் காப்பவை. ஆகவே வேலியாக நிற்கும் கல்லே கையிருப்பு. அதைச் செலவழித்தால் திரும்ப வராது.

அப்படியானால் தொல்லியல் திணைக்களம் பொறுப்பேற்கட்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். வடக்கிலும் கிழக்கிலும் வாழும் தமிழர் அவ்வளவு எளிதாக அதைச் சொல்லமாட்டார்கள். தொல்லியல் பெயர்ப்பலகை நாட்டப்பட்டால் காணி கைவிட்டுப் போகும் என்ற அச்சம் அவர்களுக்குண்டு. அது வெறும் கற்பனையுமன்று. கிழக்கு மாகாணத்துக்கென 2020இல் நியமிக்கப்பட்ட தொல்பொருள் மரபுரிமைச் செயலணியில், நியமனத்தின்போது ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை என்பதை நாடறியும். நெடுந்தீவிலேயே வெடியரசன் கோட்டை எனக் காலங்காலமாக ஊரவர் அழைத்துவரும் முருகைக்கற் சிதைவுகள் யாருடையவை என்ற வாதம் ஓயவில்லை. இந்நிலையில் தன் தோட்ட வேலியும் தொல்பொருள் என்று கேள்விப்படும் ஏழை விவசாயி, அடுத்த நாளே அதைப் பிரித்துவிடவும் கூடும். அவனைக் குறைகூற எனக்கு மனமில்லை.

வேறு வழியுண்டா? உண்டு என்று காட்டும் உதாரணம் அயர்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கிறது. ஆரன் தீவுகளும் சுண்ணக்கற் பாறைத் தீவுகளே. அங்கும் மக்கள் கல்லைப் பொறுக்கி வேலியாக அடுக்கினர். மணலையும் கடற்சாதாழையையும் சுமந்து வந்து பாறைமேல் மண்ணை உண்டாக்கினர். அத்தீவுகளின் படங்களை நெடுந்தீவாருக்குக் காட்டினால் தம் ஊர் என்றே நினைப்பர். 2018இல் யுனெஸ்கோ, சாந்தின்றிக் கல் அடுக்கும் கலையை மானுடத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அப்பொழுது குரோஷியா, சைப்பிரஸ், பிரான்ஸ், கிரேக்கம், இத்தாலி முதலிய எட்டு நாடுகள் அதில் இருந்தன. 2024இல் அயர்லாந்து உட்பட மேலும் ஐந்து நாடுகள் சேர்க்கப்பட்டன. பட்டியலில் ஏறியது எந்தவொரு மதிலுமன்று என்பதைக் கவனிக்க வேண்டும். அடுக்கத் தெரிந்த அறிவே ஏறியது. இலங்கைக்கும் இப்பாதை புதிதன்று. அதே 2018இல் தென்னிலங்கையின் ருகட நாட்டிய என்னும் நூற்பொம்மலாட்டம் அதே பட்டியலில் இடம்பெற்றது.

இந்த வேறுபாடே நமக்கு வேண்டியது. கல்லைத் தொல்பொருளாக்கினால் காணிக்காரன் அதைத் தொட அஞ்சுவான். தொடப்படாத கல்வேலி விழுந்துவிடும். கையறிவைப் பேணினால் காணி அவனிடமே இருக்கும், வேலியும் நிற்கும். இதற்குக் கொழும்பின் ஆணை வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பிரதேச சபைகளுக்குத் துணைவிதிகளை ஆக்கும் அதிகாரம் உண்டு. வீதியை அகலமாக்கும்போது வேலியை அள்ளிச் செல்லாமல் உள்தள்ளி மீள அடுக்கவேண்டும் என்றொரு விதி போதுமான தொடக்கமாகும். பாடசாலை மாணவர் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, எந்த வேலி எந்தக் காணியுடையது, அதன் பெயர் என்ன, நிற்கிறதா சரிந்ததா என்று ஒரு கொப்பியில் குறித்துப் படமெடுத்து வைக்கலாம். அடுக்கத் தெரிந்த முதியவர்களுக்கு மேசன் கூலியைக் கொடுத்து, இளைஞர் இருவரைப் பக்கத்தில் நிறுத்தலாம். கோவில் திருவிழாவுக்கும் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கும் புலம்பெயர்ந்த நம்மவர் அனுப்பும் பணத்தில் மிகச் சிறு பங்கே அதற்குத் தேவைப்படும்.

அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பின் நான் ஊருக்குப் போனேன். தெற்கு வேலியில் ஏறத்தாழ இருபது முழம் வெறுமையாகக் கிடந்தது. முள்ளுக்கம்பி மூன்று நிரை கட்டியிருந்தார் உறவினர். என்னிடம் கேட்காமல் அவர் எதுவும் செய்யவில்லை. குற்றம் முழுவதும் என்னுடையது. அம்மான் எப்பொழுதோ மறைந்துவிட்டார். பக்கத்துக் காணியில் ஒரு முதியவர் தன் வேலியில் விழுந்த கற்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் இடைவெளியை மீண்டும் அடுக்க முடியுமா என்று கேட்டேன். "அடுக்கலாம். கல்லுக்கு எங்க போறது?" என்றார்.

தோட்டத்துக்குள் இன்னும் கல் இருக்கிறது. அதைப் பொறுக்கிச் சேர்க்க ஆள் பிடித்திருக்கிறோம். முதலாண்டில் நாலு முழம் எழுந்தது. அந்த முதியவர் அடுக்க, உறவினரின் மகன் கல் எடுத்துக் கொடுக்கிறான். அவன் வைத்த கற்களும் முதலில் உருண்டனவாம். இம்முறை நான் கமராவைக் கொண்டுபோய் அந்த நாலு முழத்தையும் படமெடுத்து வந்தேன்.

தீவகத்தில் காணியுள்ள வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஊரிலிருந்து உங்களுக்கும் அப்படியோர் அழைப்பு வரலாம். "சரிஞ்ச கல்லு, குடுக்கட்டோ?" என்று கேட்பார்கள். நான் சொன்ன விடையைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். எடுத்து அடுக்க என்ன செலவாகும் என்று கேளுங்கள்.